கியூப்ஸில் டெம்ப்ளேட்டை ரீஇன்ஸ்டால் செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கியூப்ஸ் ஓஎஸ் என்பது வேலைகளை கியூப் எனப்படும் தனித்தனி மெய்நிகர் கணினிகளில் ஓட்டும் சிஸ்டம், அந்த கியூப்கள் தங்கள் சிஸ்டம் ஃபைல்களை எடுத்துக்கொள்ளும் பொது அச்சுதான் டெம்ப்ளேட். அது சொதப்பிவிட்டால் ரீஇன்ஸ்டால் செய்ய ஒரே ஒரு கமாண்ட் போதும். டாம்0வின் (எல்லா கியூப்களையும் நிர்வகிக்கும் மையப் பகுதி) டெர்மினலில் ‘கியூவிஎம்-டெம்ப்ளேட் ரீஇன்ஸ்டால்’ என்று அடித்து, பக்கத்தில் டெம்ப்ளேட்டின் பெயரைப் போட்டால் முடிந்தது. இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் எது போகும், எது தங்கும் என்று பார்க்காமலேயே பலர் எண்டர் தட்டிவிடுகிறார்கள்.

போவது டெம்ப்ளேட்டின் ரூட் வால்யூம், அதாவது சிஸ்டம் இருக்கும் டிஸ்க். நீங்கள் போட்ட பேக்கேஜ்கள், சேர்த்த ரெப்போக்கள் (பேக்கேஜ் இறங்கும் இடங்கள்), இடிசி ஃபோல்டருக்குள் மாற்றிய கான்ஃபிக் எல்லாம் அதோடு காலி. ஆப் கியூப்களின் (டெம்ப்ளேட்டை நம்பி ஓடும், நீங்கள் அன்றாடம் வேலை செய்யும் கியூப்கள்) ஹோம் ஃபோல்டர் தனி வால்யூமில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் டெம்ப்ளேட்டின் சொந்த ஹோமும் அழிந்துவிடும், அதில் ஏதாவது ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் முதலில் அதை வேறொரு கியூப்புக்கு மாற்றிவிடுங்கள், டாம்0க்கு மட்டும் வேண்டாம். அப்படியே பேக்கேஜ் பட்டியலையும் எடுத்து வையுங்கள். டெபியன் டெம்ப்ளேட்டில் ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’, ஃபெடோராவில் டிஎன்எஃப் ரெப்போகுவரியோடு ‘யூசர்இன்ஸ்டால்ட்’ என்ற ஆப்ஷன். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு ஆப்பாக ஞாபகப்படுத்திக்கொண்டு ஒரு வாரம் அலைய வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே மாட்டிக்கொள்ளும் இடம் மினிமல் டெம்ப்ளேட், அதாவது மிகக் குறைந்த பேக்கேஜ்களோடு வரும் டெம்ப்ளேட். உங்கள் சிஸ்-நெட் (நெட்வொர்க் கார்டைக் கையாளும் கியூப்) ஃபெடோரா மினிமலில் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த டெம்ப்ளேட்டை ரீஇன்ஸ்டால் செய்கிறீர்கள், நெட் அறுபடவே இல்லை, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். காரணம், ஓடிக்கொண்டிருக்கும் கியூப் தான் கிளம்பியபோது எடுத்த பழைய ஸ்னாப்ஷாட்டில்தான் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலை) இன்னும் இருக்கிறது. மெஷினை ரீபூட் செய்ததும்தான் குட்டு வெளிப்படும்: புது மினிமலில் நெட்வொர்க்கிங் ஏஜென்ட் பேக்கேஜ் இல்லை, நெட்வொர்க் மேனேஜர் இல்லை, வைஃபை கார்டுக்கான ஃபர்ம்வேரும் இல்லாமல் இருக்கலாம். அதையெல்லாம் போட நெட் வேண்டும், நெட் வர அதெல்லாம் வேண்டும். அதனால் ரீபூட்டுக்கு முன்பே, பழைய சிஸ்-நெட் உயிரோடு இருக்கும்போதே, புது டெம்ப்ளேட்டில் வேண்டிய பேக்கேஜ்களைப் போட்டு முடியுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? சிஸ்-நெட்டை நிறுத்தி, அதன் டெம்ப்ளேட்டைத் தற்காலிகமாக முழு ஃபெடோராவுக்கு மாற்றிக் கிளப்புங்கள், அப்புறம் மினிமலைச் சரிசெய்யலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு முழு டெம்ப்ளேட்டை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

இதே அவசரத்தில் இன்னொன்றும் நடக்கும். பேக்கேஜ் இறங்கவில்லை என்றதும் டெம்ப்ளேட்டுக்கே நேரடியாக நெட்விஎம் (நெட் தரும் கியூப்) கொடுத்துவிடுவார்கள். டெம்ப்ளேட்டுக்கு நெட் இல்லாமல் அப்டேட்ஸ் ப்ராக்ஸி வழியாக மட்டும் பேக்கேஜ் இறங்கும்படி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது: அதில் ஏதாவது புகுந்தால் அதை நம்பியிருக்கும் எல்லா கியூப்பும் போச்சு. ப்ராக்ஸி வேலை செய்யவில்லை என்றால் ப்ராக்ஸியைப் பாருங்கள். பேக்கேஜின் டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்க்கும் ஜிபிஜி சரிபார்ப்பை அணைத்துவிட்டு இறக்குவதும் இதே ரகம்தான், செய்யவே கூடாது.

ரீஇன்ஸ்டால் செய்தால் புது வெர்ஷன் வரும் என்று நினைப்பதும் தவறு. ஏற்கெனவே இருக்கும் அதே வெர்ஷனைத்தான் அது தேடும். ரெப்போவில் அது இல்லை என்றால் எரர் வரும், அப்போது ‘அப்கிரேட்’ என்ற கட்டளையைப் பாருங்கள். குளோன் செய்த அல்லது பெயர் மாற்றிய டெம்ப்ளேட்டில் இந்தக் கமாண்ட் வேலை செய்யாது. பழைய வழிகாட்டிகளில் ‘கியூப்ஸ்-டாம்0-அப்டேட்’ வைத்து ரீஇன்ஸ்டால் செய்யச் சொல்லியிருப்பார்கள், அது 2022இல் வந்த கியூப்ஸ் 4.1க்கு முந்தைய காலத்துக் கதை.

டெம்ப்ளேட்டில் ஏதோ புகுந்துவிட்டது என்ற சந்தேகத்தின் பேரில் ரீஇன்ஸ்டால் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டெம்ப்ளேட் சுத்தமாகிவிட்டது, சரி, ஆப் கியூப்? அதன் ஹோமில் இருக்கும் பாஷ் ஃபைல்கள், ஆர்டபிள்யூ கான்ஃபிக்கில் இருக்கும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட், யூஎஸ்ஆர் லோக்கலில் கிடக்கும் பைனரி எல்லாம் அப்படியே இருக்கும். சந்தேகம் உண்மையாகவே இருந்தால் புது ஆப் கியூப் உருவாக்கி, வேண்டிய டாக்குமென்ட்களை மட்டும் கொண்டுபோங்கள். அந்தப் பழைய டெம்ப்ளேட்டில் எடுத்த பேக்கேஜ் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

சந்தேகம் எதுவும் இல்லை, நேற்று போட்ட ஒரு அப்டேட்தான் கெடுத்தது என்றால் ரீஇன்ஸ்டாலே தேவைப்படாமல் போகலாம். ‘கியூவிஎம்-வால்யூம் இன்ஃபோ’ போட்டு ரூட் வால்யூமுக்குப் பழைய ரிவிஷன் (தானாகச் சேமிக்கப்பட்ட முந்தைய நிலை) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டெம்ப்ளேட்டை அணைத்துவிட்டு ‘ரிவர்ட்’ கொடுத்தால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் இதை முதலிலேயே செய்ய வேண்டும், ஏனென்றால் டெம்ப்ளேட்டை ஒவ்வொரு முறை ஓட்டி நிறுத்தும்போதும் பழைய ரிவிஷன் தள்ளிக்கொண்டே போகும்.