ஜாவாவில் திறந்த ஃபைல் தானாக மூடிக்கொள்ள

இரவு மூன்று மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. லாக் முழுக்க ஒரே புலம்பல்: 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'. ப்ராசஸுக்கு நாங்கள் வைத்திருந்த வரம்பு 4096. மெமரி பாதிக்கு மேல் காலி. வினையே அதுதான். மெமரிக்கு நெருக்கடி வந்தால்தான், பயன்படாத ஆப்ஜெக்ட்களை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் எட்டிப் பார்க்கும். எத்தனை ஃபைல் திறந்து கிடக்கிறது என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை.

அதனால், கார்பேஜ் கலெக்டர் ஆப்ஜெக்டை அகற்றும் முன் ஓடவேண்டிய ஃபைனலைஸ் மெத்தடை நம்பி ஃபைலை மூடாமல் விடாதீர்கள். 2017-இல் ஜாவா 9 அதை ஓரங்கட்டியது. ஜாவா 18, நீக்கப்போவதாகவே அறிவித்துவிட்டது.

2011-இல் ஜாவா 7 கொடுத்த வழியே போதும். ட்ரை என்று எழுதி, பக்கத்து அடைப்புக்குறிக்குள்ளேயே ஃபைலைத் திறங்கள். பிளாக்கை விட்டு எப்படி வெளியேறினாலும், நடுவில் ரிட்டர்ன் ஆனாலும், எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வெடித்தாலும், க்ளோஸ் தானாக ஓடும். பல ரிசோர்ஸ்கள் இருந்தால் கடைசியாகத் திறந்தது முதலில் மூடப்படும். உங்கள் சொந்த கிளாஸுக்கும் இது வேண்டுமா? ஆட்டோக்ளோஸபிள் இன்டர்ஃபேஸைச் சேர்த்து க்ளோஸ் மெத்தடை எழுதுங்கள். இரண்டு முறை அழைத்தாலும் சேதமில்லாதபடி எழுதுங்கள்.

சரி, நாங்கள் இதைச் செய்யவில்லையா? செய்திருந்தோம்! ஆனால் ஒரே வரியில், ஜிஜிப் ஸ்ட்ரீமின் (சுருக்கிய ஃபைலை விரித்துப் படிப்பது) கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே, அதாவது அந்த ஆப்ஜெக்டை உருவாக்கும் இடத்திலேயே, ஃபைல் ஸ்ட்ரீமையும் நியூ போட்டிருந்தோம். உள்ளே ஃபைல் திறந்துவிடும். ஜிஜிப் கன்ஸ்ட்ரக்டர் உடனே ஹெடரை, அதாவது ஃபைலின் தொடக்கப் பகுதியை, படிக்கும்; ஃபைல் கெட்டுப்போயிருந்தால் அங்கேயே எக்ஸெப்ஷன். வெளி ஆப்ஜெக்ட் பிறக்கவே இல்லை, உள்ளே இருப்பதற்கோ பெயரில்லை. பெயரில்லாததை ட்ரை எப்படி மூடும்? அன்று வந்த கெட்ட ஃபைல்கள் ஒவ்வொன்றும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. தீர்வு சின்னதுதான்: ஃபைல் ஸ்ட்ரீமுக்குத் தனி வேரியபிள், ஒரு செமிகோலன், அப்புறம் ஜிஜிப்.

க்ளோஸிலேயே எக்ஸெப்ஷன் வந்தால்? பிளாக்கில் வந்த முதல் எக்ஸெப்ஷன்தான் வெளியே வரும். க்ளோஸில் வந்தது அதோடு ஒட்டிக்கொண்டு வரும், கெட்சப்ரெஸ்ட் மெத்தடில் பார்க்கலாம். பழைய ஃபைனலி பாணியில் இரண்டாவது முதலாவதை விழுங்கிவிடும். அதைத் தேடி நான் தூக்கம் தொலைத்ததுண்டு. சி ப்ளஸ் ப்ளஸில் ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டரும், பைத்தானில் 'வித்' என்ற கட்டளையும் இதே வேலையைச் செய்கின்றன. ஆனால் டிஸ்ட்ரக்டரிலிருந்து எக்ஸெப்ஷனை வெளியே விடாதீர்கள். சி ப்ளஸ் ப்ளஸ் 11 முதல், சாதாரணமாக ப்ரோகிராமே அங்கே முடிந்துவிடும்.

மாற்றிய பிறகு, வெறும் டெக்ஸ்ட் ஃபைலுக்கு ஜிஜிப் பெயர் சூட்டி ஐயாயிரம் முறை படிக்கவிட்டேன். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டில் திறந்த ஃபைல்களின் எண்ணிக்கை ஏறவே இல்லை.