'தள்ளுபடி' என்று தலைப்பு வைப்பதற்கு முன்: அமெரிக்க ஃபெடரல் (மத்திய) கோர்ட் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த பெண் கொடுத்த காப்பியில் தலைப்பு இப்படி இருந்தது: 'தண்டனையை உறுதி செய்தது அமெரிக்க உச்ச நீதிமன்றம்'. ஏஜென்சி செய்தியில் 'உறுதி' என்ற வார்த்தையே இல்லை. 2014-இல் நான் வைத்த தலைப்பு அப்படியே கண்முன் வந்து நின்றது. பெயரைத் தப்பாக எழுதுவது, தேதி மாறிப்போவது எல்லாம் இரண்டு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன்.

விசாரிக்க மறுப்பது வேறு, உறுதி செய்வது வேறு

2014 அக்டோபர் 6, திங்கட்கிழமை. வாஷிங்டனில் காலை 9.30, நமக்கு இரவு ஏழு மணி. யூட்டா, ஓக்லஹோமா, வர்ஜீனியா, இண்டியானா, விஸ்கான்சின் ஆகிய ஐந்து மாநிலங்களில் தன்பாலினத் திருமணத்துக்கு இருந்த தடையைக் கீழ் நீதிமன்றங்கள் நீக்கியிருந்தன. அதை எதிர்த்து வந்த மனுக்களை உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. நான் 'அமெரிக்காவில் தன்பாலினத் திருமணம்: உச்ச நீதிமன்றம் ஒப்புதல்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

அது முழுத் தவறு. அந்த நீதிமன்றத்துக்கு வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் மனுக்கள் வருகின்றன, முழு வாதம் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அறுபது எழுபது வழக்குகளில்தான். ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் 'எடுக்கலாம்' என்றால் எடுப்பார்கள், இல்லாவிட்டால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும், அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாக ஆகாது.

சரி, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் அடுத்து நடந்ததைப் பாருங்கள். சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 6 அன்று, ஆறாவது சர்க்யூட் (சில மாநிலங்களைச் சேர்த்த ஃபெடரல் மேல்முறையீட்டு வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம் மிச்சிகன், ஒஹையோ, கென்டக்கி, டென்னசி மாநிலங்களின் தடை செல்லும் என்று நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் உண்மையிலேயே ஒப்புதல் தந்திருந்தால் அப்படி ஒரு தீர்ப்பு வந்திருக்க வழியே இல்லை. ஒரு சர்க்யூட்டின் தீர்ப்பு அதன் எல்லைக்குள் இருக்கும் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும். இப்படி இரண்டு சர்க்யூட்டுகள் முட்டிக்கொள்ளும்போதுதான் உச்ச நீதிமன்றம் உள்ளே வருவது வழக்கம். 2015 ஜனவரியில் வழக்கை எடுத்தார்கள், ஜூன் 26 அன்று ஐந்துக்கு நான்கு என்று, தடை செல்லாது என நாடு முழுமைக்கும் தீர்ப்பு வந்தது. அன்றைக்கு நான் என்ன தலைப்பு வைப்பது? எட்டு மாதத்துக்கு முன்பே அதைப் போட்டுவிட்டேனே. மறுநாள் ஒரு வாசகர் போன் செய்து "இது பழைய செய்திதானே?" என்று கேட்டார்.

இதற்கு மூலக் காரணம் 'தள்ளுபடி' என்ற நம் வார்த்தை என்று நினைக்கிறேன். வாதம் கேட்டுத் தோற்கடித்தாலும் தள்ளுபடி, பிரித்துப் பார்க்காமல் திருப்பி அனுப்பினாலும் தள்ளுபடி. 2025 ஜனவரி 21 அன்று, மும்பைத் தாக்குதல் வழக்கில் இந்தியா ஒப்படைக்கக் கேட்ட தஹாவூர் ராணாவின் மனுவை விசாரிக்க மறுத்தபோதும் 'நாடு கடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவு' என்று எழுதத்தான் கை போகும். உண்மையில் நின்றது, அவரை ஒப்படைக்கலாம் என்று ஒன்பதாவது சர்க்யூட் 2024 ஆகஸ்டில் கொடுத்த தீர்ப்பு. ஒப்படைப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வெளியுறவு அமைச்சர். 'விசாரிக்க மறுப்பு' என்று எழுதுங்கள், தலைப்பு நீண்டால் நீளட்டும்.

நியூயார்க்கின் 'சுப்ரீம் கோர்ட்' உச்ச நீதிமன்றம் அல்ல

அது விசாரணை நீதிமன்றம், மாநிலத்துடையது. 2024-இல் டிரம்ப் குற்றவாளி என்று ஜூரி சொன்னது அங்கேதான், அதிபரின் மன்னிப்பு ஃபெடரல் குற்றங்களுக்கு மட்டும்தான், அதனால்தான் அது அந்த வழக்கைத் தொடாது.

டிஸ்ட்ரிக்ட் கோர்ட் = மாவட்ட நீதிமன்றம்?

வேண்டாம். நம் வாசகர் மாவட்டத் தலைநகரில் இருக்கும் கோர்ட்டை நினைத்துக்கொள்வார். ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் மொத்தமே 94, மாசசூசெட்ஸ் முழுவதற்கும் ஒன்றுதான், டெக்சாஸுக்கு நான்கு. அதிபர் நியமித்து செனட் ஒப்புதல் தந்த, ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கக்கூடிய நீதிபதி அங்கே உட்கார்ந்திருக்கிறார். நான் 'ஃபெடரல் விசாரணை நீதிமன்றம்' என்று எழுதுகிறேன்.

இடைக்காலத் தடை தீர்ப்பு ஆகாது

ஆகவே ஆகாது. வழக்கு முடியும்வரை ஒன்றை நிறுத்தி வைப்பதுதான் அது, யார் பக்கம் சரி என்ற கடைசி முடிவு இல்லை.

இமிக்ரேஷன் கோர்ட்

வெளிநாட்டவரை நாட்டைவிட்டு வெளியேற்றுவதா என்று முடிவு செய்யும் இடம் இது. பெயரில்தான் கோர்ட், ஃபெடரல் நீதிமன்ற அமைப்பில் அதற்கு இடம் கிடையாது. அட்டர்னி ஜெனரலின் கீழே இருக்கும் துறையின் (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) ஓர் அங்கம் அது, அங்கே இருக்கும் நீதிபதிகள் அரசு நிர்வாகத்தின் ஊழியர்கள். அந்தத் துறையையும் நாம் 'நீதித்துறை' என்றே எழுதுகிறோம், நீதிமன்றங்களையும் 'நீதித்துறை' என்றே எழுதுகிறோம், அப்புறம் வாசகர் குழம்பாமல் என்ன செய்வார்? அங்கே தோற்றவர் முதலில் அதே துறைக்குள் இருக்கும் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டும், அங்கும் தோற்றால் 30 நாட்களுக்குள் சர்க்யூட் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். ஃபெடரல் கோர்ட் என்ற சொல் அந்த இடத்தில்தான் முதல்முறையாகச் செய்திக்குள் வரலாம்.