மடிக்கணினியின் இயங்குதளத்தைப் புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகங்கள் இல்லாத சேமிப்பு வட்டு) மாற்றுவதைக் கோப்புகளை நகலெடுக்கும் வேலையாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். சி டிரைவில் உள்ளதை ஒன்றுவிடாமல் படியெடுத்தாலும் கணினி பூட் ஆகாமல், அதாவது தொடங்காமல், போகலாம். இன்றைய விண்டோஸ் கணினிகளில் தொடக்க நிரல் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்னும் தனிப் பகுதியில் இருக்கிறது. பெரும்பாலும் சில நூறு எம்பிக்குள்ளேயே அமைந்திருக்கும் அப்பகுதி, வழக்கமாக நாம் கோப்புகளைத் தேடும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாது. எனவே குளோன் செய்யும்போது (வட்டை அப்படியே இன்னொன்றில் படியெடுக்கும்போது) சி டிரைவை மட்டும் குறிக்காமல், எல்லாப் பார்ட்டிஷன்களும் அடங்கிய முழு வட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாங்கும்போதே நேரும் தவறு ஒன்று உண்டு. எம்.2 என்பது வட்டின் வடிவத்தை மட்டுமே குறிக்கிறது. அதே வடிவத்தில், கணினியோடு தரவைப் பரிமாறும் முறையில் வேறுபடும் சாட்டா வகையும் என்விஎம்இ வகையும் கிடைக்கின்றன. சில மடிக்கணினிகளின் எம்.2 பொருத்துமிடம் இவற்றுள் ஒன்றை மட்டுமே ஏற்கும் என்பதால், உள்ளே பொருந்திவிட்ட வட்டுகூடக் கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும். வட்டின் அளவைச் சொல்லும் 2230, 2242, 2280 ஆகிய எண்களில் முதல் இரண்டு இலக்கங்கள் 22 மிமீ அகலத்தையும், அடுத்த இரண்டும் நீளத்தையும் காட்டுகின்றன. தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குவதே பாதுகாப்பானது.

குளோன் செய்வதையே காப்புப் பிரதி எடுப்பதாகக் கருதுவது இவை எல்லாவற்றிலும் கொடியது. மூல வட்டையும் இலக்கு வட்டையும் மாற்றிக் குறித்துவிட்டால், காலியான புதிய வட்டு பழைய வட்டின் மீது எழுதப்பட்டு, தரவு முழுவதும் அழிந்துவிடும். இரண்டு வட்டுகளும் ஒரே கொள்ளளவில் இருக்கும்போது இது மிக எளிதாக நேர்ந்துவிடுகிறது. ஆகவே கொள்ளளவை மட்டும் நம்பாமல், மாடல் பெயரையும் தொடர் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். லினக்ஸில் வட்டை அப்படியே படியெடுக்கும் டிடி கட்டளையைப் பயன்படுத்துவோருக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். அக்கட்டளை எதையும் உறுதிப்படுத்திக் கேட்பதில்லை. முக்கியமான ஆவணங்களும் படங்களும் இவ்விரண்டு வட்டுகளிலும் சேராத மூன்றாவது இடத்தில் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். பழைய வட்டு ஏற்கெனவே பழுதின் அறிகுறிகளைக் காட்டுமானால், அதன் மீது நீண்ட சோதனைகளை ஓட்டி மேலும் வருத்தாமல், முதலில் கோப்புகளை மீட்டுவிட்டு, புதிய வட்டில் இயங்குதளத்தைப் புதிதாகவே நிறுவிக்கொள்வது நல்லது.

பலரைத் திகைக்கவைப்பது, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைக்கும் குறியாக்கம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டுக் குறியாக்கம் தானாகச் செயல்படத் தொடங்கிவிடுகிறது. பயனருக்கு அது நடந்ததே தெரிவதில்லை. அந்நிலையில் வட்டை மாற்றினால், கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடக்கூடும். விண்டோஸுக்கு வெளியிலிருந்து இயங்கும் குளோன் மென்பொருள்களோ குறியாக்கப்பட்ட பகுதியைப் புரிந்துகொள்ள முடியாமல், அதன் அளவை மாற்றவும் மறுத்துவிடலாம். ஆகையால் மீட்புச் சாவியை முதலில் வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, விண்டோஸின் குறியாக்க வசதிகளான பிட்லாக்கரையோ டிவைஸ் என்கிரிப்ஷனையோ முற்றிலும் அணைத்து, குறியாக்கம் நீங்கும்வரை காத்திருந்து, பிறகு குளோன் செய்ய வேண்டும். மாற்றம் முடிந்த பின் அதை மீண்டும் இயக்க மறக்கக் கூடாது.

சாட்டா வட்டிலிருந்து என்விஎம்இ வட்டுக்கு மாறுவோர், குளோன் குறையின்றி முடிந்த பிறகும் நீலத்திரைப் பிழையைச் சந்திக்கலாம். புதிய வட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை விண்டோஸ் தொடக்கத்திலேயே ஏற்றாததுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். மீட்புச் சூழலின் வழியாக ஒருமுறை, அடிப்படை நிரல்களோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் தொடங்கினால் இது பல கணினிகளில் சரியாகிவிடுகிறது. இவ்வேளையில் பதற்றத்தில் கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் நுழைந்து, வட்டுக் கட்டுப்பாட்டு முறையையோ யூஇஎஃப்ஐ (புதியது), லெகசி (பழையது) என்னும் தொடக்க முறை அமைப்பையோ மாற்றுவது புதிய சிக்கலையே உண்டாக்கும். ஜிபிடி என்னும் பகுப்பு முறையில் அமைந்த விண்டோஸ் வட்டு லெகசி முறையில் பூட் ஆகாது.

வட்டைப் பொருத்தும் முன் மின் இணைப்பை நீக்கி, உள்ளே இருக்கும் பேட்டரியின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். முதல்முறை தொடங்கும்போது பழைய வட்டு இணைப்பிலேயே இருந்தால், இரண்டும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கியிருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கலாம். அல்லது, நமக்குத் தெரியாமலேயே பழைய வட்டிலிருந்து தொடங்கிவிடலாம். புதியதை மட்டும் வைத்துத் தொடங்கிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

பெரிய வட்டுக்கு மாறியும் சி டிரைவ் பழைய அளவிலேயே நிற்பதைக் கண்டு வட்டு பழுதென்று முடிவு செய்ய வேண்டாம். மீட்புப் பார்ட்டிஷன் சி டிரைவுக்கும் காலியிடத்துக்கும் நடுவே அமர்ந்திருப்பதே காரணமாக இருக்கும். அதைக் குளோன் செய்யும்போதே வட்டின் கடைசிக்கு நகர்த்திவிட்டால் இந்தத் தொல்லை எழாது.

பல ஆண்டுகளாகப் பயன்பட்டு, தேவையற்ற நிரல்களால் நிறைந்துபோன இயங்குதளத்தைக் குளோன் செய்வதைவிடப் புதிதாக நிறுவுவதையே நான் பரிந்துரைப்பேன். டிஜிட்டல் உரிமம் முதன்மையாகத் தாய்ப்பலகையோடு பிணைந்திருப்பதால், வட்டை மட்டும் மாற்றும்போது அது பொதுவாக இழக்கப்படுவதில்லை.

பழைய வட்டை அன்றே அழித்துவிடுவது கடைசியாக நேரும் தவறு. சில வாரங்கள் புதிய வட்டில் எல்லாப் பணிகளையும் செய்து பார்த்து, குறை ஏதுமில்லை என்று தெளிந்த பிறகே அதைத் தொட வேண்டும். அதைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால், கோப்புப் பட்டியலை மட்டும் நீக்கும் குவிக் ஃபார்மட் போதாது. கோப்புகள் அதன் பிறகும் மீட்கத்தக்கவையாகவே இருக்கக்கூடும். சுழலும் வன்தட்டாக இருந்தால் முழு ஃபார்மட் செய்ய வேண்டும். எஸ்எஸ்டியாக இருந்தால் தயாரிப்பாளரின் கருவியிலோ பயாஸிலோ உள்ள பாதுகாப்பான அழிப்பு வசதியைப் பயன்படுத்த வேண்டும்.