பாஸ் மீன் புடிக்க விடியக்காலைல ஓட வேணாம்

வசந்த காலம் ஆரம்பத்துல பெரிய டேம் தண்ணியில லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாய் உள்ள நன்னீர் மீன்) தேடுறவங்க காலண்டரை விட்டுட்டு தண்ணியோட சூட்டைப் பாருங்க. மேல்தண்ணி 10 டிகிரி செல்சியஸ் தாண்டுனாலே மீன் ஆழத்துலேர்ந்து மெதுவா கரைப்பக்கம் நகர ஆரம்பிக்கும், 16 கிட்ட வந்தா முட்டை போடுற வேலைல இறங்கிடும், நமக்கு வேண்டியது இதுக்கு நடுவுல உள்ள நாளுங்கதான்.

எங்க தேடறதுன்னா, வடக்குக் கரையோரம் கரை உள்பக்கமா வளைஞ்சு தண்ணி ஒதுங்கி நிக்கற சின்னச் சின்ன ஒதுக்குப் பகுதிங்கள்லதான். தெக்கு வெயில் நேரா விழும், வாடைக்காத்து படாது, மத்த இடத்தை விட ரெண்டு மூணு டிகிரி கூடவே இருக்கலாம். கல்லுக்கரையா இருந்தா இன்னும் நல்லது, கல்லு வெயில்ல காஞ்சு பக்கத்துத் தண்ணியையும் சூடாக்கிடும். அதனால விடியக்காலைல போய் நடுங்க வேணாம், மதியம் ரெண்டு மணிக்கு மேல போனாலே போதும் (லேட்டா எந்திரிக்கறவங்களுக்கு ஜாலிதான்).

ஜெர்க்பெய்ட் (சின்ன மீன் மாதிரி இருக்கற செயற்கை இரை) போட்டா ரெண்டு வெட்டு வெட்டி இழுத்துட்டு அப்படியே விட்டுடுங்க, அஞ்சு பத்து செகண்ட் அசையாம நிக்கட்டும், பெரும்பாலும் அப்பதான் கடிக்கும், வெடுக்குன்னு இழுக்காது, தூண்டில் லைன் லேசா பக்கவாட்டுல நகரும், அவ்ளோதான். திடீர்னு குளிர் திரும்புச்சுன்னா ஒதுக்கோட வாய்ப்பக்கம் ஆழம் விழற விளிம்புக்குப் போய் ஜிக்கை (தலையில எடை வெச்ச கொக்கி இரை) தரையோட தரையா மெதுவா இழுங்க.