மனந்திரும்புதல்: நாம் வழக்கமாகத் தவறுகிற இடங்கள்

அப்பாவிடம் தன் பங்குச் சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கிற நிலைக்கு வந்து, வீடு திரும்புகிற மகனைப் பற்றி இயேசு சொன்ன கதைதான் கெட்ட குமாரன் உவமை. அதைப் பலமுறை கேட்டவர்கள்கூட அதில் ஒரு சின்ன விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவன் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதில் மூன்று பகுதிகள். 'பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்' என்பது முதலாவது. 'உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரனல்ல' என்பது இரண்டாவது. 'உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்' என்பது மூன்றாவது. லூக்கா 15-ல் 18, 19 வசனங்களில் இது இருக்கிறது. அப்புறம் 21-ம் வசனத்தைப் பாருங்கள். அப்பா முன்னால் நின்று அதே பேச்சைச் சொல்கிறான், ஆனால் கூலிக்காரன் வரி வரவில்லை. அதற்குள் அப்பா வேலைக்காரர்களைப் பார்த்து வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

மனந்திரும்புதல் விஷயத்தில் நாம் செய்கிற முதல் தவறு அந்த விட்டுப்போன வரியில்தான் இருக்கிறது. கூலிக்காரன் கணக்கு. இவ்வளவு நாள் உபவாசம் இருந்தேன், இவ்வளவு அழுதேன், இனிமேல் மன்னிப்பு கிடைத்துவிடும் என்று மனது கூட்டிப் பார்க்கிறது. கிருபை, அதாவது சம்பாதிக்காமல் கிடைக்கிற தயவு, என்று வாயில் சொல்லிக்கொண்டே உள்ளே அதற்கு ஒரு விலை வைத்துவிடுகிறோம். விலை கட்டியாகிவிட்டது என்று தோன்றினால் கர்வம் வருகிறது. கட்டவே முடியாது என்று தோன்றினால் சோர்வு. என் கணிப்பில் இந்தச் சோர்வில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். ஒரே பாவத்துக்கு ஐம்பது முறை மன்னிப்புக் கேட்டும், சரியாக மனந்திரும்பினேனா என்ற சந்தேகம் அவர்களை விடாது.

வேதம் இந்த வரிசையைத் தலைகீழாக வைக்கிறது. குணப்படும்படி நம்மை ஏவுவதே தேவனுடைய தயவுதான் என்கிறார் பவுல் (ரோமர் 2:4). யூதரல்லாத புறஜாதியாருக்கும் தேவன் மனந்திரும்புதலை அருளினார் என்று அப்போஸ்தலர் 11-ல் எருசலேம் சபை வியக்கிறது. அருளினார் என்பது வரத்தைப் பற்றிச் சொல்கிற சொல். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவன் சகேயுவின் கதையும் அப்படித்தான் போகிறது. அவன் சொத்தில் பாதியைக் கொடுப்பதாகச் சொன்ன பிறகு இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. மரத்தில் இருந்தவனை இறங்கச் சொல்லி, உன் வீட்டில் தங்கவேண்டும் என்று அவர் சொன்னது முதலில். பாதிச் சொத்தும் நாலத்தனையான திருப்பிக் கொடுத்தலும் அதற்கு அப்புறம்.

சரி, கிருபை முந்திக்கொண்டதென்றால் நாம் திரும்பவே வேண்டாமா? இது எதிர்ப்பக்கத் தவறு. எல்லாம் மன்னிக்கப்பட்டாயிற்று, இனி பாவத்தைப் பற்றிப் பேசுவதே பழைய நியாயப்பிரமாணச் சட்டத்துக்குத் திரும்புவது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பவுல் காலத்திலேயே இந்தக் கேள்வி இருந்தது. கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று அவரே கேட்டு, கூடாதே என்று ஒரே சொல்லில் முடிக்கிறார். உவமைக்கே திரும்பிப் போனால், தூரத்தில் வரும்போதே அப்பா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் மகன் அப்போது வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். அந்த நடை எதையும் சம்பாதிக்கவில்லை. அது இல்லாமல் அவன் வீட்டுக்கு வந்ததாகவும் சொல்ல முடியாது.

அடுத்தது, கண்ணீரை வைத்து அளப்பது. கூட்டத்தில் அழுதுவிட்டால் மனந்திரும்பியாயிற்று, கண் நனையவில்லையென்றால் இதயம் கல் என்று ஒரு நினைப்பு. யூதாஸையும் பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவன் இயேசுவைக் காட்டிக்கொடுத்தான், மற்றவன் அவரைத் தெரியாது என்றான். ஒரே இரவில் இருவரும் விழுந்தார்கள், இருவருமே துக்கப்பட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் யூதாஸ்தான் அதிகம் செய்தவன். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். மத்தேயு அங்கே போடுகிற கிரேக்கச் சொல்லே வேறு. மனந்திரும்புதலுக்கு வழக்கமாக வருகிற சொல் அது கிடையாது. தமிழ் வேதாகமமும் 'மனஸ்தாபப்பட்டு' என்று பிரித்துக் காட்டுகிறது. அவன் போன திசையும் கவனிக்க வேண்டியது. ஆசாரியர்களிடம் போனான், 'எங்களுக்கென்ன, அது உன்பாடு' என்ற பதில்தான் கிடைத்தது. பேதுரு மனங்கசந்து அழுததோடு நிற்கவில்லை. இயேசு உயிர்த்தெழுந்த பிறகு ஒருநாள், கரையில் நிற்பது கர்த்தர் என்று கேட்டதும், படகு கரை சேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தான். கரை ஏறக்குறைய இருநூறு முழ தூரத்தில்தான் இருந்தது என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார்.

கிரேக்கத்தில் மெட்டனோயா என்றால் மனது மாறுவது. எபிரெயத்தில் ஷூப் என்றால் திரும்புவது, வழி தவறியவன் திரும்புவதுபோல. நம்முடைய 'மனந்திரும்புதல்' இரண்டையும் ஒரே சொல்லில் கட்டியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. துக்கம் இதற்குத் துணைக்கு வரலாம். அழுகை வராமலே திசை மாறியவர்களும் உண்டு.

ஞானஸ்நானத்தன்று ஒருமுறை முடித்துவிட்ட காரியம் என்று நினைப்பது இன்னொரு தவறு. வெளிப்படுத்தல் புத்தகத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதங்கள் போகின்றன. அவற்றில் ஐந்துக்கு மனந்திரும்பு என்ற கட்டளை இருக்கிறது. சிமிர்னாவும் பிலதெல்பியாவும் மட்டும் விலக்கு. படிக்கிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே விசுவாசிகள். 1517-ல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வைத்த 95 கருத்துகளில் முதலாவதும் இதுவே: விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்று கிறிஸ்து விரும்பினார். லத்தீன் வேதாகம மொழிபெயர்ப்பில் மனந்திரும்புங்கள் என்ற கட்டளை 'தவம் செய்யுங்கள்' என்றும் பொருள்படுகிற விதத்தில் இருந்தது. கிரேக்க மூலத்தின் பொருள் தெரிய வந்ததும் தன் பார்வை மாறியதாக லூத்தர் பின்னால் எழுதினார்.

வியாதி வந்தவரிடம் போய், மனந்திரும்பாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்ற கேள்விக்கு இயேசு 'அப்படியல்ல' என்றார். மனந்திரும்பச் சொன்னது, உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து.

கடைசியாக ஒன்று, என் சொந்தத் தவறு. ஒரு நண்பரிடம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தராமல் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்காக ராத்திரி தவறாமல் ஜெபித்தேன். ஆண்டவரே, மன்னியும் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மாதக்கணக்கில் இப்படியே போனது. கடன் கொடுத்தவர் ஒருவர், மன்னிப்புக் கேட்டது வேறொருவரிடம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. யோவான் ஸ்நானன் மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கேட்டபோது, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று வந்தவர்களுக்கு அவர் சொன்ன பதில்கள் எல்லாம் அங்கி, ஆகாரம், வரி, சம்பளம் என்று கையால் தொடுகிற காரியங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிற இடத்தை ஒருநாள் காலை வாசித்தேன். அன்றைக்கே அந்த நண்பர் வீட்டுக்குப் போனேன். ஒப்பிக்க வைத்திருந்த விளக்கத்தில் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் உட்காருங்கள் என்றார்.