ஸ்டீரியோ ஸ்லைடு: பெரிய திரையில் இரண்டு படத்தையும் பொருத்துவது எப்படி?

ஸ்டீரியோ ஸ்லைடு என்பது இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு படங்கள்; சேர்த்துப் பார்த்தால் ஆழம் தெரியும். கையில் வைத்துப் பார்க்கும் வியூவரில் அட்டகாசமாக இருக்கும் இது, பெரிய திரையில் கண்ணை வலிக்க வைக்கலாம். காரணம் உருப்பெருக்கம்தான். 36 மி.மீ. அகல ஸ்லைடு 2.4 மீட்டர் திரையை நிரப்பும்போது ஏறக்குறைய 67 மடங்கு பெரிதாகிறது. மவுண்டில் (ஃபிலிமைப் பிடித்திருக்கும் சட்டத்தில்) படம் 1 மி.மீ. விலகினால் திரையில் 67 மி.மீ. விலகும். நம் இரு கண்களுக்கு இடையிலுள்ள தூரமே சுமார் 65 மி.மீ. தான்; விலகல் அதைத் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டிவரும்.

இடது படத்துக்கு ஒன்று, வலது படத்துக்கு ஒன்று என இரண்டு ப்ரொஜெக்டர் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். பக்கத்தில் வைத்தால் ஓரங்களில் உயர வித்தியாசம் வரும். பக்கவாட்டு விலகலைக் கண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், மேல்கீழ் விலகலை அவ்வளவாகப் பொறுக்காது.

ஒவ்வொரு படத்தையும் அதற்குரிய கண்ணுக்கு மட்டும் அனுப்பும் போலராய்டு ஃபில்டர் இப்போது வேண்டாம். கறுப்புப் பின்னணியில் ஒளி புகும் கட்டக்கோடுகள் உள்ள, அச்சு அசலாக ஒரே மாதிரியான இரண்டு ஸ்லைடுகளைப் போடுங்கள். ஒரு லென்சுக்கு முன்னால் சிவப்பு செலஃபேன் தாள், இன்னொன்றுக்குப் பச்சை. கோடுகள் பொருந்தும் இடமெல்லாம் மஞ்சளாகத் தெரியும்.

நடுப்புள்ளியைப் பொருத்திவிட்டு ஓரங்களைப் பாருங்கள். பலரும் திணறுவது இங்கேதான்: எந்தக் கோளாறு என்று பார்க்காமல் எல்லாத் திருகையும் திருப்புவார்கள். நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விலகல் கூடிக்கொண்டே போனால், அளவு வேறு. லென்ஸ் இரண்டிலும் 150 (மி.மீ.) என்றே பொறித்திருந்தாலும் குவியத்தூரம் நூலிழை மாறும். பெரிய படம் காட்டும் ப்ரொஜெக்டரைத் திரைப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள். (ஜூம் லென்ஸ் இருந்தால் வேலை சுலபம். எனக்கென்னவோ அதில் நம்பிக்கை இல்லை, லேசாகக் கைபட்டாலே நகர்ந்துவிடும்.) சிவப்புக் கோடு இடது ஓரத்தில் மேலேயும் வலது ஓரத்தில் கீழேயும் இருந்தால், அது சாய்வு. ஒரு பக்கக் காலுக்கு அடியில் அட்டைத்துண்டு கொடுத்தால் போதும். சாய்வைத் திருத்தினால் நடுப்புள்ளி மறுபடி நகரும், அதனால் மேல்கீழை அதற்கு அப்புறமே தொடுங்கள். பக்கவாட்டு கடைசி.

சரி, இனி ஃபில்டர். இடது ப்ரொஜெக்டரை மட்டும் எரியவிட்டு, போலராய்டு கண்ணாடி அணிந்து, இடக்கண்ணை மூடுங்கள். வலக்கண்ணுக்குப் படம் மிக இருட்டாகும்வரை ஃபில்டரைச் சுழற்றுங்கள். வலதுக்கும் இதையே மாற்றிச் செய்யுங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட ஸ்லைடு மட்டும் விலகினால் ப்ரொஜெக்டரைத் தொடாதீர்கள், குறை அதன் மவுண்டில். ஃபிலிம் துளைக்குள் உட்காரும் முளை வைத்த கண்ணாடி மவுண்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. அட்டை மவுண்டில் ஃபிலிம் சூட்டில் வளைந்து ஃபோகஸும் போகும்.

பின்சேர்க்கை: "எல்லாம் பொருந்தியும் பேய்ப்படம் (ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்கும் நிழலாகத் தெரிவது) வருகிறதே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். வெள்ளைச் சுவரிலோ துணியிலோ காட்டினால் அப்படித்தான் ஆகும், ஒளியின் முனைவாக்கம் (ஃபில்டர் ஒளி அலைக்குக் கொடுத்த அதிர்வுத் திசை) அங்கே கலைந்துவிடும். உலோகப்பூச்சுள்ள சில்வர் திரைதான் வேண்டும். அதிலும் தெரிந்தால், பார்ப்பவர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள்; தலை சாய்ந்தால் கண்ணாடியின் கோணமும் மாறிவிடும்.