கோலாலம்பூரில் விமானம் மாறும் நேரத்தில் ஊர் சுற்றுவோர் செய்யும் தவறுகள்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஆஸ்திரேலியா, பாலி, வியட்நாம் பக்கம் போகும் பலர் கோலாலம்பூரில் விமானம் மாறுகிறார்கள். டிக்கெட்டில் எட்டு மணி நேரக் காத்திருப்பு என்று பார்த்ததுமே இரட்டைக் கோபுரம், பத்துமலை, சைனா டவுன், புக்கிட் பிந்தாங் என்று மனம் பட்டியல் போடத் தொடங்கிவிடும். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. அந்த எட்டு மணி நேரத்தில் பெரும்பகுதி வரிசைகளுக்கும் ரயிலுக்கும் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விமான நிலையம் கோலாலம்பூரிலேயே இல்லை. சிலாங்கூர் மாநிலத்தின் செப்பாங்கில், நகருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கிறது. தரையிறங்கி, குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வர ஒன்றேகால் மணி நேரம் என்று வையுங்கள். விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடத்தில் போய்விடும் என்றாலும், நடைமேடைக்கு நடப்பதையும் காத்திருப்பதையும் சேர்த்தால் முக்கால் மணி ஆகும். திரும்புவதற்கு இன்னொரு முக்கால் மணி. அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டும். எட்டில் இவற்றைக் கழித்தால் கையில் நிற்பது இரண்டேகால் மணி நேரம். அதில் நான்கு இடம் பார்க்கக் கிளம்புகிறவர் நான்கு வாசல்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

ஆறு மணி நேரத்துக்குக் குறைவான இடைவேளை என்றால் வெளியே போகவே வேண்டாம் என்பது என் கட்சி. எட்டு என்றால் ஓரிடம். பத்து, பன்னிரண்டு என்றால் பத்துமலையும் அதோடு இன்னொன்றும். இதற்கு மேல் ஆசைப்பட்டால் பதற்றம்தான் மிச்சம்.

அடுத்தது காகித வேலை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை இருக்கிறது. அதை 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் இது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் தங்களுக்குரிய விதியைத் தனியே பார்க்க வேண்டும். விசா இல்லை என்றாலும், வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசிய மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அரசுத் தளம் அல்ல. மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

பெட்டி விஷயத்தில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். இரண்டு விமானங்களும் ஒரே பதிவு என்றால் பெட்டி பெரும்பாலும் கடைசி ஊர் வரை தானே போய்விடும். மலிவாகக் கிடைத்தது என்று தனித்தனியாக வாங்கியிருந்தால், பெட்டியை நீங்களே எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதை இழுத்துக்கொண்டு ஊருக்குள் போகாதீர்கள். விமான நிலையத்திலேயே பணம் கட்டி வைத்துவிட்டுப் போகலாம். சென்னையில் வரியில்லாக் கடையில் வாங்கிய பெரிய வாசனைத் திரவியப் புட்டி கைப்பையில் இருந்தால், ஊர் சுற்றிவிட்டு மறுபடி பாதுகாப்புச் சோதனைக்குள் நுழையும்போது நூறு மில்லி லிட்டர் விதி அதைப் பறித்துவிடும்.

முனையங்கள் இரண்டு. நடந்து கடக்க முடியாது; ரயிலிலோ இலவசப் பேருந்திலோதான் மாற வேண்டும். ஏர் ஏசியா இரண்டாவது முனையத்தில் இயங்குகிறது. நகரிலிருந்து வரும் ரயில் முதல் முனையத்தில் நின்றுவிட்டுத்தான் அங்கே போகும். எல்லோரும் இறங்குகிறார்களே என்று நீங்களும் இறங்கிவிடாதீர்கள். கைக்கடிகாரத்தையும் திருத்திக்கொள்ளுங்கள்: மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே.

இனி முருகனின் குகைக்கோயிலான பத்துமலை. நம்மவர்கள் இதைத் தவறவிடுவதில்லை. ஆனால் தவறான நேரத்தில் போகிறார்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலின் கடைசி நிறுத்தம் அதுதான், பயணமும் அரை மணி நேரம்தான். ஆனால் ரயில்களுக்கு இடையே நீண்ட இடைவெளி உண்டு. இறங்கியதும் திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொண்ட பிறகே வெளியே வாருங்கள். நிலையத்தைத் தாண்டியதும் முதலில் எதிர்ப்படுபவர் பச்சை நிற அனுமார். பொன்னிற முருகன் இன்னும் சற்று நடந்தபின். 2006இல் திறக்கப்பட்ட அந்தச் சிலை 140 அடி உயரம். (சேலம் மாவட்டத்து முத்துமலை முருகன் 146 அடியில் அதை மிஞ்சி நிற்கிறார் என்பது நம் பெருமைக்கு.)

படிகள் 272. எண்ணிக்கையைவிட அவற்றின் வாகுதான் கவனிக்க வேண்டியது: செங்குத்தானவை, அகலம் குறைந்தவை. பெரிய பாதம் உள்ளவர் இறங்கும்போது காலைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பித்தான் வைக்க வேண்டும். 2018இல் பூசிய வானவில் வண்ணம் புகைப்படத்துக்கு அழகுதான். மழையில் நனைந்த படியில் அழகு உதவாது. இந்த ஊரில் இடியோடு கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். ஆகவே காலையில் ஏறிவிடுவது உத்தமம்.

குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு தெரியும். பூவும் பழமும் வைத்த பையைக் கையில் தொங்கவிட்டு ஏறினால், கைப்பிடிச் சுவரில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் ஒன்று நீங்கள் அருகே வரும்வரை காத்திருந்து அடியிலிருந்து கிழிக்கும். பழம் உருண்டோடும், மற்றவை தாமே வந்து சேரும். எதையும் முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். முழங்கால் தெரியும் உடை கூடாது. மறந்தவர்களுக்கு அடிவாரத்தில் துணி வாடகைக்குக் கிடைக்கும். தைப்பூசச் சமயத்தில் உங்கள் இடைவேளை அமைந்தால், லட்சக்கணக்கானோர் திரளும் அந்த இடத்துக்கு அரைநாள் அவகாசத்தில் போவதை நான் ஒப்ப மாட்டேன்.

இரட்டைக் கோபுரத்தில் மேலே ஏறுவது குறுகிய இடைவேளைக்குப் பொருந்தாத ஆசை. டிக்கெட்டில் குறித்த நேரத்தில்தான் விடுவார்கள். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. 452 மீட்டர் கோபுரத்தின் உள்ளே நின்றால் அந்தக் கோபுரம் மட்டும் கண்ணில் படாது என்பது வேறு. கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டி என்னும் நகர ரயிலில் ஐந்தாவது நிறுத்தமான கேஎல்சிசிதான் கோபுரத்துக்கான நிலையம். இறங்கி, பின்புறப் பூங்காவில் நின்று அண்ணாந்து பாருங்கள், போதும்.

பலர் கவனிக்காமல் கடந்து போவது கேஎல் சென்ட்ரலை ஒட்டியே இருக்கும், ‘லிட்டில் இந்தியா’ எனப்படும் பிரிக்ஃபீல்ட்ஸ். நடந்தே போகலாம். ‘பசியாறியாச்சா?’ என்று கேட்டு, பில்லை ‘வெள்ளி’யில் (ரிங்கிட்டுக்கு அங்கே தமிழில் அதுதான் பெயர்) சொல்லும் தமிழைக் கேட்டபடி வாழையிலைச் சாப்பாடு சாப்பிட ஒரு மணி நேரம் தாராளம். எட்டு மணி நேரக்காரருக்கு என் முதல் பரிந்துரை இதுவே.

மாலை ஐந்து முதல் ஏழு வரை நகரிலிருந்து டாக்சியில் விமான நிலையம் கிளம்புவது வீண் துணிச்சல். நெரிசல் ரயிலைத் தொடாது.

நகரம் வரை போக நேரமில்லை, உள்ளேயே உட்காரவும் மனமில்லை என்பவருக்குப் புத்ராஜெயா இருக்கிறது. பெயரளவில் தலைநகர் கோலாலம்பூர் என்றாலும் பிரதமர் அலுவலகமும் பல அமைச்சகங்களும் அங்கேதான். ஏரிக்கரையில் இளஞ்சிவப்புக் கருங்கல் மசூதி. தொழுகை நேரங்களிலும் வெள்ளிக்கிழமை நண்பகலிலும் பார்வையாளர்களை விடமாட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து அங்கே டாக்சி பிடிக்க வேண்டும். விரைவு ரயில் புத்ராஜெயாவில் நிற்காமல் போய்விடும். அதே தடத்தில் ஓடும் டிரான்சிட் ரயிலா என்று நடைமேடைப் பலகையில் பார்த்துவிட்டு ஏறுங்கள்.